முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினால் தொழிலாளி ஒப்பந்ததாரர் ஆகிவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கேள்வி-பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பல்லடத்தைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோர் ஒருவர் கேட்டிருந்தார்: தன் பட்டறைக்குப் புதிதாக எடுக்கும் ஆட்களைச் சம்பளப் பட்டியலில் ஏற்றாமல், 'சேவை ஒப்பந்ததாரர்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்கு வைக்கலாமா? இரு தரப்பும் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் பில் வாங்கி, வருமான வரியைப் பிடித்துக் கட்டிவிட்டால் சிக்கல் இல்லை என்று பதில் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பதில் தவறானது. அதை நம்பி நடக்கும் முதலாளியும் கெடுவார், அவரிடம் வேலை பார்க்கும் தொழிலாளியின் குடும்பமும் கெடும். இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவள் நான்.

கோவை கணபதியில் சிறிய அலுவலகம் வைத்து, பட்டறைகளுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பம்பு மோட்டார், கிரைண்டர், வால்வு, காஸ்டிங் என்று இந்த ஊரின் எல்லா வகைப் பட்டறைகளின் சம்பளப் பதிவேடும் என் மேசைக்கு வந்து போகிறது. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் சலான் போட வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் பாதி முழுவதும் யார் புதிதாகச் சேர்ந்தார், யார் நின்றார் என்பதுதான் என் பேச்சு. கடந்த சில ஆண்டுகளாக, நின்றவர்களின் பெயர் வருகிறது. சேர்ந்தவர்களின் பெயர் வருவதில்லை. விசாரித்தால் 'அவங்க கான்ட்ராக்ட்' என்கிறார்கள். பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் அதே லேத், அதே பவர் பிரஸ், அதே காலை எட்டரை மணி ஷிப்ட். வேறுபாடு கோப்பில் மட்டுமே இருக்கிறது.

குறிச்சிப் பக்கம் ஒரு ஸ்டாம்பிங் பட்டறை. பெயர் வேண்டாம். முப்பது பேர் அளவில் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பணம் கட்டப்பட்டுவந்தது. பிறகு ஆர்டர் கூடியபோது எடுத்த 14 பேரையும், யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்தை வைத்து ஒப்பந்ததாரர்கள் ஆக்கினார்கள். 'நான் சுயதொழில் செய்பவன். எனக்கும் நிறுவனத்துக்கும் முதலாளி-தொழிலாளி உறவு எதுவும் இல்லை' என்று தமிழிலும் இந்தியிலும் அச்சடித்த தாளில் ஆளுக்கு நான்கு இடத்தில் கையெழுத்து. அந்த 14 பேரில் ஒருவருக்கு ஒரு மாலை ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின.

முதலாளி கல்நெஞ்சர் அல்லர். தனியார் மருத்துவமனையில் சேர்த்துத் தன் கைப்பணத்தைச் செலவழித்தார். ஆனால் காயம் ஆறிய பிறகு அந்த இளைஞரால் பிரஸ் ஓட்ட முடியவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் அவர் பெயர் இருந்திருந்தால் சிகிச்சைக் காலம் முழுவதும் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். ஊனத்தின் அளவை மருத்துவக் குழு கணித்து, வாழ்நாள் முழுவதும் மாத உதவித்தொகை வந்திருக்கும். அவர் பெயர் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் அழைத்துக்கொண்டு போய் மனுக் கொடுக்க, விசாரணை வந்தது. கணக்குக் காட்ட முதலாளியோடு நானும் போயிருந்தேன்.

முதலாளி அந்த ஒப்பந்தக் கோப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். பிறகு அவர் கேட்டதெல்லாம் வேறு. கைரேகை வருகைப் பதிவு யார் யாருக்கு உண்டு? பிரஸ்ஸும் அதில் மாட்டும் டையும் (அச்சும்) யாருடையவை? ஒரு நாள் வர முடியாவிட்டால் இவர் தனக்குப் பதிலாக வேறு ஓர் ஆளை அனுப்பி வேலையை முடித்துத் தர முடியுமா, அல்லது சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டுமா? இதே மாதத்தில் வேறு பட்டறைக்கும் இவர் வேலை செய்து பில் போட்டாரா? பொருள் ரிஜெக்ட் ஆனால் நஷ்டம் யாருக்கு? கடைசியாகத் தீபாவளி போனஸ் பட்டியலைக் கேட்டார். அதில் 14 பேரும் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். சுயதொழில் செய்யும் ஒப்பந்ததாரருக்கு யாராவது போனஸ் கொடுப்பார்களா? நல்ல மனத்தோடு கொடுத்த அந்தப் பணமே அவர்கள் தொழிலாளர்கள் என்பதற்குச் சாட்சி ஆயிற்று. ஷிப்ட் மாற்றத்தை அறிவிக்கும் வாட்ஸ்அப் குழுவில் 14 எண்களும் இருந்தன. ஓவர்டைம் வவுச்சர்கள் இருந்தன. தாமதமாக வந்ததற்காக ஒருவருக்கு அரை நாள் பிடித்த குறிப்புக்கூட இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த முத்திரைத்தாள் எதற்கு உதவும்? அந்த அதிகாரி சட்டத்தை வளைக்கவில்லை. இந்த நாட்டின் நீதிமன்றங்கள் ஐம்பது, அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவருவதைத்தான் செய்தார்.

இதில் நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள வழக்கு ஒன்று உண்டு. சேலம் பீடித் தொழிலாளர் சங்கத்துக்கும் பீடி உரிமையாளர்களுக்கும் நடந்து, 1964இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. உரிமையாளர்கள் இலையையும் புகையிலையையும் இடையில் இருந்த 'சுதந்திர ஒப்பந்ததாரர்'களிடம் கொடுப்பார்கள். அவர்கள் ஆள் வைத்துப் பீடி சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொருளின் விலையைக் கழித்துக்கொண்டு மீதி தரப்படும். எழுத்தில் பார்த்தால் வாங்கல், விற்றல் போலவே இருக்கும். அந்த ஒப்பந்ததாரர்கள் பெயருக்கு மட்டுமே ஒப்பந்ததாரர்கள், உண்மையில் உரிமையாளரின் கிளையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் போன்றவர்கள், பீடி சுற்றியவர்கள் உரிமையாளர்களின் தொழிலாளர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பீடியில் செல்லாத ஏற்பாட்டை இன்று ஸ்டாம்பிங் பட்டறைக்குப் புதுக் கண்டுபிடிப்பாக விற்கிறார்கள்.

'துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம், மாதச் சம்பளம் இல்லை, ஆகவே பி.எஃப். வராது' என்று சொல்பவர்கள் பலர். 1973இல் தீர்ப்பான ஹைதராபாத் தையல் கடை வழக்கை அவர்கள் படிக்க வேண்டும். அங்கே தையல்காரர்களுக்குத் துண்டுக் கணக்கில்தான் கூலி. துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைக்கலாம், வேறு கடைக்கும் தைக்கலாம். இவ்வளவு சுதந்திரம் இருந்தும் அவர்கள் கடையின் ஊழியர்களே என்றது உச்ச நீதிமன்றம். தையல் இயந்திரம் கடையுடையது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் கடைக்காரருடையது. நம் பட்டறையில் துண்டுக் கணக்கில் பாலிஷ் போடுபவருக்கு அந்தத் தையல்காரருக்கு இருந்த சுதந்திரத்தில் பாதிகூடக் கிடையாது.

1978இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். இடையில் எத்தனை ஒப்பந்ததாரர்கள் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பும் வேலையின் தொடர்ச்சியும் யார் கையில் இருக்கின்றனவோ அவரே உண்மையான முதலாளி. திரையை விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் ஹைதராபாத் சினிமா தியேட்டர் ஒன்றின் வழக்கில், குத்தகைக்கு விடப்பட்ட கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் வேலை பார்த்தவர்களுக்கும் தியேட்டர் உரிமையாளர்தான் ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

எல்லா ஒப்பந்தமும் போலி என்று நான் சொல்லவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. குஜராத்தில் ஒரு கண் மருத்துவ நிலையத்தில் கௌரவ மருத்துவராக இருந்தவர் விபத்தில் இறந்துவிட்டார். அவர் அந்த நிலையத்தின் ஊழியரா, சுதந்திரமாகத் தொழில் செய்தவரா என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்த விதிகளையும் பணம் கொடுக்கப்பட்ட முறையையும் மற்றவற்றையும் எடைபோட்டுப் பார்த்து, அவர் ஊழியர் அல்லர் என்றது நீதிமன்றம். அங்கேயும் முழு உறவையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் உண்மையான சுயதொழில்காரி. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வேலை செய்கிறேன். கட்டணத்தை நான் சொல்கிறேன். கட்டுப்படியாகாத நிறுவனத்தை விட்டுவிடுகிறேன். கணினி என்னுடையது, உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுப்பது நான். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்களில் ஒருவர் போய் வேலையை முடித்துவிட்டு வருவார். எந்த முதலாளியும் என்னை ஏன் பத்து மணிக்கு வந்தாய் என்று கேட்க முடியாது. மோட்டார் காயில் கட்டுபவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காம்ப்ரசர் சர்வீஸ் செய்பவர், ஆடிட்டர் என எங்களைப் போன்றவர்களுக்குச் சேவை ஒப்பந்தம் பொருந்தும். எட்டரை மணிக்குக் கைரேகை வைத்து, சூப்பர்வைசர் சொன்ன டையை மாட்டி, சொன்ன எண்ணிக்கையை அடித்துக் கொடுப்பவருக்குப் பொருந்தாது.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். முதலாளிகள் இதைச் சேமிப்பு என்று நினைப்பதால்தான் செய்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். 14 பேர், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் கூலி, மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகச் சேர்த்திருந்தால் முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம். ஆளுக்கு 1,800 ரூபாய். 36 மாதத்துக்கு 14 பேருக்கும் சேர்த்து 9,07,200 ரூபாய். தொழிலாளியின் பங்கான இன்னொரு 12 சதவீதம் அவர் கூலியிலிருந்து போயிருக்கும்.

சேர்க்காமல் விட்டு மூன்று ஆண்டு முடிவில் பிடிபட்டால், முதலில் இரண்டு பங்கையும் முதலாளியே கட்ட வேண்டும். அந்தந்த மாதம் பிடிக்காத தொழிலாளர் பங்கைப் பின்னால் அவர் கூலியில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆக 18,14,400 ரூபாய். அதன் மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. முதல் மாதத் தொகைக்கு மூன்று ஆண்டுத் தாமதம், கடைசி மாதத் தொகைக்குத் தாமதமே இல்லை என்பதால் சராசரியாக ஒன்றரை ஆண்டு என்று கொண்டால், வட்டி மட்டும் சுமார் 3,26,000. அதற்கும் மேல் டேமேஜஸ் என்ற அபராதம். 2024 ஜூனில் மாற்றிய விகிதப்படி அது மாதத்துக்கு 1 சதவீதம். அதுவும் ஏறக்குறைய இன்னொரு 3,26,000. மொத்தம் 24 லட்சத்து 67 ஆயிரத்தைத் தொடும். நிர்வாகக் கட்டணமும் ஈ.எஸ்.ஐ. பாக்கியும் இதில் சேரவில்லை. ஒன்பது லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் இருபத்து நான்கரை லட்சம். குறிச்சிப் பட்டறைக்காரர் சூலூரில் இருந்த இடத்தை அடமானம் வைத்துத்தான் மீண்டார்.

கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையையும் மறந்துவிடக் கூடாது. ஒருவர் பத்து ஆண்டு 'ஒப்பந்ததாரர்' ஆக இருந்துவிட்டு, கடைசிக் கூலி 18,000 ரூபாயில் நின்றுபோய், தான் தொழிலாளிதான் என்று நிரூபித்துவிட்டால், 1,03,846 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் கூலி, மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு அது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த ஒப்பந்த மோகம் கூடிவிட்டது. படிகள் என்ற பெயரில் கொடுப்பது மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஊழியருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. எல்லோருக்கும் நியமனக் கடிதம் என்றெல்லாம் கேள்விப்பட்டதும், ஆட்களையே சம்பளப் பட்டியலில் இருந்து வெளியே நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். அந்தத் தொகுப்பிலேயே கிக் தொழிலாளர் என்று ஒரு பிரிவு இருக்கிறது, எங்கள் ஆட்களையும் அதில் காட்டிவிடலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கிக், பிளாட்ஃபார்ம் தொழிலாளர் நிதிக்குப் பணம் கட்டுபவை வண்டி அழைப்பு, உணவு வினியோகம், சரக்கு வினியோகம் போன்ற செயலி வழி நிறுவனங்கள். அவற்றின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அந்த நிதிக்குப் போகும். நம் தமிழ்நாட்டில் 2023இல் அமைந்த நலவாரியமும் அந்தத் தொழிலாளர்களுக்கு உரியது. அந்த ஏற்பாடு போதுமா என்பது தனி விவாதம். நான்கு சுவருக்குள், ஒரே முதலாளியின் இயந்திரத்தில், ஷிப்ட் கணக்கில் வேலை பார்ப்பவர் எந்தச் செயலிக்கும் உரியவர் அல்லர்.

பட்டறையை மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பி.எஃப். கட்டாயமாகும் இருபது பேருக்குக் கீழே காட்டும் பழக்கமும் இங்கே உண்டு. ஒரே கூரை, ஒரே நிர்வாகம், ஒரே சரக்கு என்றால் எல்லாம் ஒரே நிறுவனம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

தொழிலாளிகளே பிடித்தம் வேண்டாம் என்கிறார்களே என்ற வாதத்துக்கு வருகிறேன். உண்மைதான், சொல்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் முழுக் கூலியும் கையில் வேண்டும் என்கிறார்கள். ஊருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கட்டாயப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொழிலாளியின் சம்மதம் ரத்து செய்யாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவரைத் தொழில்முறை ஆலோசகர் என்று காட்டி 18,000 ரூபாய்க்குப் பில் போட்டு, 10 சதவீதம் வருமான வரி பிடித்தால் அது 1,800 ரூபாய். 15,000 ரூபாய்க்கு அவர் கட்டியிருக்க வேண்டிய பி.எஃப். பங்கும் அதே 1,800 ரூபாய்தான். பி.எஃப்.பில் போயிருந்தால் முதலாளியின் பங்கோடும் வட்டியோடும் அவர் கணக்கில் நின்றிருக்கும். வரியில் போன பணம், அவர் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். பான் அட்டையையே மேஸ்திரியிடம் கொடுத்துவைத்திருக்கும் தொழிலாளி எங்கே போய் ரிட்டர்ன் தாக்கல் செய்வார்? இது அவருடைய பணத்தை அவருக்குத் தெரியாமலே கைவிட வைப்பது. எனக்கு இதில்தான் மிகுந்த கோபம்.

பாலிஷ் போடும் பஃபிங் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் ஒப்பந்தக் கூலியாக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி, யாரோ சொன்னார்கள் என்று என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இறப்புச் சான்றிதழும் ஆதாரும் பழைய வவுச்சர் கட்டும் இருந்தன. கணவருக்கு யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் உண்டா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது இறக்கும் உறுப்பினருக்கு ஒரே ஒரு மாதம் பணம் கட்டப்பட்டிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை உண்டு. காப்புறுதித் திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஒரு மாதச் சலானில் அவர் பெயர் ஏறியிருந்தால் போதும் என்பதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? வவுச்சர்களை வைத்து வழக்குப் போடலாம் என்று சொல்லி, இலவச சட்ட உதவி மையத்துக்கு வழி காட்டி அனுப்பினேன். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

இத்தகைய மாதிரிப் படிவங்களை எழுதி விற்கும் என் தொழில் சகாக்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிபடும் நாளில் பதில் சொல்லப்போவது நீங்கள் அல்லர். விசாரணைக்கு வரும் நோட்டீஸில் முதலாளியின் பெயர்தான் இருக்கும். வேண்டுமென்றே பணம் கட்டாமல் விட்டால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதையும் படிவத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக் கொடுங்கள். வேலைக்குச் சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்று, முன்பு பி.எஃப். உறுப்பினராக இல்லாதவரைச் சேர்ப்பது கட்டாயம் இல்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை புதிதாக ஆள் சேர்க்கும் நிறுவனங்களுக்கு, கூடுதலாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. உற்பத்தித் துறைக்கு அது நான்கு ஆண்டுகள். சிறிய பட்டறை குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆளை மறைத்து வைப்பவருக்கு இந்தப் பணம் கிடைக்காது, சேர்ப்பவருக்குக் கிடைக்கும்.

ஏற்கெனவே மறைத்தவர்களுக்கும் 2026 ஏப்ரல் 30 வரை ஒரு வாசல் திறந்திருக்கிறது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே அதுதான். வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2025 நவம்பர் 1 முதல் ஊழியர் சேர்க்கைத் திட்டம் ஒன்றை அறிவித்து நடத்திவருகிறது. 2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை வேலைக்குச் சேர்ந்து, பி.எஃப்.பில் சேர்க்கப்படாமல் விடுபட்டவர்களை முதலாளி தாமாக முன்வந்து அறிவிக்கலாம். தொழிலாளியின் பங்கு பிடிக்கப்படாமல் இருந்தால் அதைக் கட்ட வேண்டியதில்லை. தன் பங்கையும் அதற்குரிய வட்டியையும் நிர்வாகக் கட்டணத்தையும் கட்டினால் போதும். அபராதம் மொத்தமாக 100 ரூபாய். விசாரணையில் இருக்கும் நிறுவனங்களும் இதைப் பயன்படுத்தலாம். நான் மேலே போட்ட அதே 14 பேர் கணக்கை இந்தத் திட்டத்தில் போட்டால், 9,07,200 ரூபாயும் வட்டி ஏறக்குறைய 1,63,000 ரூபாயும் சேர்ந்து சுமார் பத்து லட்சத்து எழுபதாயிரத்தில் முடிந்துவிடும்; நிர்வாகக் கட்டணம் இதிலும் சேரவில்லை. 24 லட்சத்து 67 ஆயிரம் எங்கே, இது எங்கே!

திட்டம் 2026 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிகிறது. அறிவிக்கும் நாளில் தொழிலாளி உயிரோடு, அதே நிறுவனத்தில் வேலையில் இருக்க வேண்டும். பஃபிங் தொழிலாளியின் மனைவிக்கு இந்தத் திட்டத்தால் பயனில்லை; அவரைப் போல இன்னொருவர் வராமல் இருக்க வேண்டும் என்றால் இருப்பவர்களை இப்போதே சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழ் காலையில் ஒவ்வொரு பட்டறை மேசையிலும் கிடக்கிறது. முந்தைய பதிலைத் திருத்தி, இந்தத் திட்டத்தின் விவரத்தை அதே பகுதியில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறை உரிமையாளர்களுக்குக் கடைசியாக நடைமுறைச் செய்தி ஒன்று. யு.ஏ.என். எண் உருவாக்க, தொழிலாளி தன் கைபேசியில் மத்திய அரசின் உமங் செயலியைத் திறந்து முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆள் நேரில் இல்லாமல் நாங்கள் எதையும் செய்ய முடியாது. ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த நேரம் ஆகும். அவர் சேர்ந்த தேதிக்கு ஆதாரமாகப் பழைய வவுச்சர்களையும் வருகைப் பதிவையும் எடுத்து வையுங்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்காக மார்ச் தொடக்கத்தில் ஊருக்குக் கிளம்பினால் பலர் ஏப்ரல் பிறந்த பிறகுதான் திரும்புவார்கள்; சிலர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலேயே எல்லோரையும் உட்காரவைத்து இந்தச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கு ஆலோசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.